வாசல் எந்தப் பக்கம்?
எழும்பூர் ரயில் நிலையத்தின் வரலாறும் அமைப்பும்: வணிகர் பார்வையில்



கடைக்கு இடம் பார்க்கும்போது நாம் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்பதல்ல. ஜனங்கள் எந்தப் பக்கமாக நடந்து போகிறார்கள் என்பதுதான். தெருவின் ஒரு பக்கம் கல்லா நிரம்பும். எதிர்ப்பக்கம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். சரக்கும் ஒன்று, விலையும் ஒன்று, வித்தியாசம் நடைபாதையில் இருக்கிறது.

இந்த உண்மையைப் பெரிய அளவில் காட்டும் இடம் ரயில் நிலையம். நிலையத்தின் வாசல் எந்தச் சாலையைப் பார்க்கிறதோ அந்தச் சாலையில் லாட்ஜும் ஓட்டலும் மளிகையும் பழக்கடையும் முளைக்கின்றன. முதுகுப்பக்கத்துத் தெரு பல ஆண்டுகள் தூங்குகிறது. நெய்வேலி, விருத்தாசலம், கடலூர் பகுதி வணிகர்கள் கொள்முதலுக்காகச் சென்னை செல்லும்போது காலங்காலமாக இறங்கிவரும் எழும்பூர் நிலையம் இதற்கு நல்ல உதாரணம். அதன் கதையைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

சிறு பாதைக் கம்பெனியின் தலைவாசல்

வெள்ளையர் காலத்தில் தென்னாட்டு ரயில்கள் அரசாங்கத்தின் கையில் இல்லை, கம்பெனிகளின் கையில் இருந்தன. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி பிராட் கேஜ் பாதையை நடத்தியது. அதன் தலைவாசல் 1873-ல் கட்டப்பட்ட சென்ட்ரல் நிலையம். தெற்கே விழுப்புரம், கடலூர், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, தூத்துக்குடி என்று மீட்டர் கேஜ் பாதையை நடத்தியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. இது 1874-ல் இரண்டு பழைய கம்பெனிகள் சேர்ந்து உருவானது. ஆக, நம் தென்னாற்காடு மாவட்டம் ஆரம்பத்திலிருந்தே மீட்டர் கேஜ் கம்பெனியின் வாடிக்கையாளர்.

இரண்டு கம்பெனி, இரண்டு அகலம் என்றால் வணிகருக்கு என்ன பாதிப்பு என்று கேட்கலாம். பிராட் கேஜ் என்பது 1,676 மில்லிமீட்டர். மீட்டர் கேஜ் என்பது 1,000 மில்லிமீட்டர். ஒரு பாதையில் ஓடும் வேகன் மற்றொரு பாதையில் ஓடாது. வடக்கே இருந்து வரும் பருப்பு மூட்டை தெற்கே போக வேண்டுமானால், இரு பாதைகளும் சந்திக்கும் இடத்தில் மூட்டையை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, தாமதம், சிந்தல், சேதாரம் எல்லாம் கடைசியில் சில்லறை விலையில்தான் வந்து விழும். நம் தாத்தா காலத்து மளிகைக்காரர்கள் இந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர்கள்.

தென்னிந்திய ரயில்வேக்குச் சென்னையில் முதலில் பெருமை சொல்லிக்கொள்ளும்படியான நிலையம் இல்லை. எழும்பூரில் சிறிய நிலையம் ஒன்றுதான் இருந்தது. சென்ட்ரலின் மணிக்கூண்டுக்குப் பதில் சொல்லும்படி ஒரு கட்டிடம் வேண்டும் என்று கம்பெனி நினைத்ததில் வியப்பில்லை.

மனைக்கு ஒரு லட்சம், கட்டிடத்துக்குப் பதினேழு லட்சம்

புதிய நிலையத்துக்கான இடத்தில் ஒரு பகுதி டாக்டர் பல்னி ஆண்டி என்பவருக்குச் சொந்தமாக இருந்தது. இவர் இங்கிலாந்து சென்று மருத்துவம் படித்த முற்கால இந்தியர்களில் ஒருவர். முதலில் அவர் நிலத்தைக் கொடுக்க இணங்கவில்லை. பிறகு 1.83 ஏக்கர் நிலத்தை ஒரு லட்சம் ரூபாய்க்குக் கொடுத்தார். அக்காலத்து ஒரு லட்சம் என்பது சாதாரணத் தொகை அல்ல. இடத்தின் மதிப்பு அதில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதன் அருகே என்ன வரப்போகிறது என்பதைப் பொறுத்தது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

1905 செப்டம்பரில் கட்டுமானம் தொடங்கியது. வரைபடம் தயாரித்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர்நீதிமன்றக் கட்டிடத்திலும் மைசூர் அரண்மனையிலும் கைவண்ணம் காட்டியவர் இவரே. ஒப்பந்தக்காரர் பெங்களூரைச் சேர்ந்த சாமிநாத பிள்ளை. செலவு சுமார் 17 லட்சம் ரூபாய். 1908 ஜூன் 11 அன்று நிலையம் திறக்கப்பட்டது.

கட்டிடம் சுமார் 300 அடி நீளமும் 71 அடி அகலமும் கொண்டது. சிவப்புச் செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் மாறி மாறி வரும் முகப்பு, மேலே கும்பங்கள், கீழே வளைவுகள் என்று இந்திய பாணியும் ஐரோப்பிய பாணியும் கலந்து அமைந்தது. இதனை இந்தோ-சாரசெனிக் பாணி என்பார்கள்.

நிலையத்தின் எதிரே ஓடும் சாலைக்குக் காந்தி இர்வின் சாலை என்று பெயர். கட்டிடம் வரைந்த இர்வினின் பெயரே அது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. சாலைப் பெயரில் இருப்பவர் 1931-ல் காந்தியடிகளுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட வைஸ்ராய் இர்வின் பிரபு. ஒரே பெயர், இரண்டு மனிதர்கள்.

உள்ளே எப்படி?

சென்ட்ரல் நிலையம் முட்டுச்சந்து போன்றது. வண்டி உள்ளே வந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும். எழும்பூர் அப்படியல்ல. கடற்கரை, கோட்டை, பூங்கா ஆகிய நிலையங்களைத் தாண்டி வரும் தண்டவாளம் எழும்பூர் வழியாகத் தாம்பரம், செங்கல்பட்டு என்று நேரே தெற்கே போகிறது. அதாவது எழும்பூர் ஒரு வழிநிலையம். ஆனால் நடைமுறையில் தெற்கத்தி வண்டிகள் பெரும்பாலும் இங்கேயே புறப்பட்டு இங்கேயே முடிந்ததால், முனையம் போலவும் வேலை செய்தது.

நிலையத்தில் மொத்தம் 11 பிளாட்பாரங்கள். நீண்ட காலமாக இருந்துவந்த அமைப்பு இது: 1, 2, 3 ஆகியவை ஒருபுறம் ஒதுங்கியவை, குட்டையான வண்டிகளுக்கானவை. 4 முதல் 7 வரை உள்ளவை பழைய நிலையத்தின் மையப்பகுதி, நெடுந்தூர வண்டிகளுக்கு உரியவை. 10, 11 ஆகியவை புறநகர் மின்சார ரயிலுக்கானவை.

பழைய அமைப்பில் மற்றொரு வசதியும் இருந்தது. கார் நேரே பிளாட்பாரம் வரை வந்து நிற்கலாம். பெட்டியின் வாசலுக்கும் காரின் கதவுக்கும் இடையே சில அடி தூரம்தான். முதல் வகுப்புப் பயணிகளுக்காகச் செய்த ஏற்பாடு என்றாலும், தத்துவம் நமக்கும் உரியது: வாடிக்கையாளர் சுமையோடு எத்தனை அடி நடக்கிறார் என்று எண்ணிப் பார்த்துக் கடையை அமைக்க வேண்டும்.

நம் பகுதி வணிகருக்கு உபயோகமானது புறநகர்ப் பிளாட்பாரம்தான். காலையில் எழும்பூரில் இறங்கி, அங்கிருந்தே மின்சார ரயில் பிடித்தால் பூங்கா, கோட்டை, கடற்கரை என மூன்றாவது நிறுத்தத்தில் ஜார்ஜ் டவுன் வந்துவிடும். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மளிகைச் சரக்கு, கோடவுன் தெருவில் ஜவுளி என்று கொள்முதலை முடித்துக்கொண்டு அன்றிரவே ஊர் திரும்பலாம். இந்தப் பாதையில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மொத்தக் கடைத்தெருவையும் தெற்கு மாவட்டங்களையும் இணைத்த சிறிய பாலம் இந்த மூன்று நிறுத்தம்தான்.

எழும்பூரின் வியாபாரம் கடலையும் தாண்டியது. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் இங்கிருந்து புறப்பட்ட போட் மெயில், பயணிகளைத் தனுஷ்கோடியில் கொண்டுபோய் இறக்கியது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மறுபடி ரயிலில் கொழும்பு. இலங்கையில் கடை வைத்திருந்த தமிழ் வணிகர் பலருக்கு எழும்பூர்தான் பயணத்தின் முதல் படி. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்த வழி அடைபட்டது.

டோக்கியோவில் வணிகருக்கு வாசல் இல்லை

எழும்பூர் திறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1914 டிசம்பரில், ஜப்பானின் டோக்கியோ மத்திய நிலையம் திறக்கப்பட்டது. அதுவும் செங்கல் கட்டிடம், அதற்கும் கும்பங்கள். நீளம் மட்டும் சுமார் 335 மீட்டர். வரைந்தவர் தட்சுனோ கிங்கோ என்ற ஜப்பானியர்.

அதன் அமைப்பு விசித்திரமானது. நிலையத்தின் முகம் மேற்கே அரண்மனையைப் பார்த்தது. தென்புறக் கும்பத்தின் கீழ் ஏறுபவர்களுக்கு வாசல், வடபுறக் கும்பத்தின் கீழ் இறங்குபவர்களுக்கு வாசல். நடுவில் இருந்த வாசல் அரச குடும்பத்துக்கு. ஆனால் நிஹோன்பாஷி, கியோபாஷி என்ற பழைய வணிகப் பேட்டைகள் இருந்ததோ நிலையத்தின் கிழக்கே, அதாவது முதுகுப்பக்கம். அந்தப் பக்கம் வாசலே வைக்கவில்லை. ஊரின் பெரிய கடைத்தெரு கூப்பிடு தூரத்தில் இருந்தும், பயணி சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். 1929-ல்தான் கிழக்குப்பக்கத்தில் யாஎசு வாசல் திறந்தது. பதினைந்து ஆண்டுகள்! இன்று அந்தப் பக்கமும் கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த பெரும் வணிகப் பகுதி.

1945 மே மாத விமானத் தாக்குதலில் கும்பங்களும் மூன்றாவது மாடியும் எரிந்தன. போருக்குப் பின் இரண்டு மாடியோடு ஒப்பேற்றினார்கள். 2012-ல்தான் பழைய உருவம் முழுமையாகத் திரும்பியது. அதற்கான பணம் வந்த விதம் வணிகர்கள் கவனிக்கத்தக்கது. நிலையத்தின் மேலே இன்னும் பல மாடி கட்டிக்கொள்ளச் சட்டப்படி உரிமை இருந்தது. மூன்று மாடிக்கு மேல் கட்டாமல், மீதி உரிமையைச் சுற்றியுள்ள வானளாவிய கட்டிடங்களுக்கு விற்றார்கள். கிடைத்தது சுமார் 5,000 கோடி யென். வெறும் ஆகாயத்தை விற்றுப் பழைய கட்டிடத்தைக் காப்பாற்றினார்கள் என்று சொல்லலாம்.

வெறும் சோறு கேட்டவர்

ஜப்பானிலேயே ஒசாகா நகரில் மற்றொரு பாடம் இருக்கிறது. ஹான்கியு என்ற தனியார் ரயில் கம்பெனியை நடத்திய கொபயாஷி இச்சிசோ, உமேதா முனையத்திலேயே ஒரு பெரிய பல்பொருள் அங்காடியைக் கட்டி 1929-ல் திறந்தார். நிலையத்தின் அருகே கடை என்பது உலகமெங்கும் உண்டு. நிலையமே கடை என்பது அப்போது புதுமை.

அவர் அவசரப்பட்டுத் திறக்கவில்லை என்பது முக்கியம். முதலில் 1920-ல் நிலையக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தை வேறொரு கடைக்கு வாடகைக்கு விட்டார். வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டார். 1925-ல் சொந்தமாக ஒரு சிறிய அங்காடி தொடங்கினார். அதில் கைப்பழக்கம் வந்தபிறகே பெரிய கடை.

அதன் சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றி ஜப்பானியர் இன்றும் சொல்லும் ஒரு செய்தி உண்டு. 1930களின் தொடக்கத்தில் உலகமெங்கும் மந்தம். கையில் காசில்லாதவர்கள் வந்து வெறும் சோறு மட்டும் வாங்கி, மேஜையில் இலவசமாக இருந்த சாஸை ஊற்றிச் சாப்பிட்டுப் போனார்கள். மற்ற இடங்களில் அவர்களை விரட்டினார்கள். கொபயாஷியோ, சோறு மட்டும் கேட்பவர்களையும் வரவேற்கிறோம் என்று விளம்பரமே செய்தார். இன்று ஏழையாக இருப்பவர் நாளை குடும்பத்தோடு வருவார் என்பது அவர் கணக்கு. மாதக் கடைசியில் நூறு கிராம் பருப்பு கேட்டு வருபவரை முகம் சுளிக்காமல் நடத்தும் நம் மளிகைக்காரர்களுக்கு இது புதிய பாடமல்ல. ஆனால் பெரிய முதலாளியும் அதே கணக்கைத்தான் போட்டார் என்று அறிவது நல்லது.

சிறு பாதை போனது. புதிய வாசல் வருகிறது

மீண்டும் எழும்பூருக்கு வருவோம். விடுதலைக்குப் பின் 1951-ல் கம்பெனிகள் இணைந்து தெற்கு ரயில்வே ஆயின. எழும்பூரில் மீட்டர் கேஜ் நீடித்தது. 1990களில் பிராட் கேஜ் மாற்றம் வேகம் பிடித்தது. விழுப்புரம், விருத்தாசலம், திருச்சி வழியான கார்டு லைன் அகலப்பாதையானது. 2004 ஜூலையில் சென்னையின் கடைசி மீட்டர் கேஜ் மின்சார ரயில் சேவையும் நின்றது. மூட்டை இறக்கி மூட்டை ஏற்றும் காலம் முடிந்தது.

எழும்பூரின் பழைய முகம் தெற்கே காந்தி இர்வின் சாலையைப் பார்க்கிறது. அங்கேதான் லாட்ஜுகளும் ஓட்டல்களும் வரிசையாக வளர்ந்தன. வடக்கே பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் நெடுங்காலம் முதுகாகவே இருந்தது. பிற்பாடுதான் அங்கும் நுழைவாயில் வந்தது. 2018-ல் மெட்ரோ ரயிலும் எழும்பூரைத் தொட்டது. 2022 மே 26 அன்று சுமார் 735 கோடி ரூபாய் மதிப்பிலான மறுசீரமைப்புத் திட்டத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். பழைய கட்டிடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டு சாலைகளின் பக்கமும் புதிய முனையக் கட்டிடங்கள் எழுப்பி, இரண்டையும் மேல்நடைக்கூடத்தால் இணைப்பது என்பது திட்டம்.

பயணிக்கு இது வசதி. வணிகருக்கு இது இருபுறமும் கூர் உள்ள கத்தி. முதுகுப்பக்கம் வாசல் வந்தால் அங்கே புதிய கடைத்தெரு எழும். முன்பக்கத்தில் நூறு ஆண்டாக நடந்துவரும் கால்நடை இரண்டாகப் பிரியும். பயணிகள் மேலே நடந்தால் கீழே இருக்கும் பெட்டிக்கடையைப் பார்க்கமாட்டார்கள். நிலையத்துக்குள்ளேயே கடைகள் வரும்போது டெண்டர் தொகையைக் கட்டக்கூடியவர் யார் என்ற கேள்வியும் எழும்.

இந்த மாற்றம் புதிதல்ல. கொத்தவால் சாவடிக் காய்கறி மார்க்கெட் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனபோது அதை நம்பியிருந்த டீக்கடைக்காரரும் சாக்கு வியாபாரியும் தடுமாறினார்கள். 2002-ல் கோயம்பேட்டில் வெளியூர் பஸ் நிலையம் திறந்தபோது பாரிமுனை பஸ் நிலையத்தைச் சுற்றியிருந்த வியாபாரம் மாறியது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் திறந்தபோது கோயம்பேட்டின் முறை வந்தது. வாசல் நகர்ந்தால் வியாபாரமும் நகரும்.

நம் நெய்வேலி ஏன் வேறு மாதிரி?

சுரங்கம் உள்ள ஊர்களில் ரயில் நிலையம்தான் ஊரின் இதயமாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. வடநாட்டில் கருங்கல் நிலக்கரி ஊர்களில் அப்படித்தான். நெய்வேலியில் அப்படி ஆகவில்லை. காரணம் நிலக்கரியின் குணத்தில் இருக்கிறது.

1934-ல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாக ஒரு பொருள் வெளிப்பட்டது; அதுவே இந்தப் பழுப்பு நிலக்கரியின் கதைக்குத் தொடக்கம். 1956 நவம்பரில் நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரிப் படுகை திறந்தது. 1962-ல் மின் உற்பத்தி தொடங்கியது. பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம், வெப்பம் குறைவு. அதை நெடுந்தூரம் ஏற்றிச் சென்றால் தண்ணீருக்கும் சேர்த்துக் கூலி கொடுத்ததாகும். ஆகவே சுரங்க வாயிலிலேயே அனல்மின் நிலையம் கட்டி, கன்வேயர் பெல்ட் மூலம் கரியை நேரே கொதிகலனுக்கு அனுப்புகிறார்கள். ஊரை விட்டு வெளியே போவது கரியல்ல, மின்சாரம். அது வேகனில் போவதில்லை, கம்பியில் போகிறது.

ஆகவே விருத்தாசலம் - கடலூர் துறைமுகம் கிளைப்பாதையில் இருக்கும் நெய்வேலி நிலையம் சிறியதாகவே இருந்துவிட்டது. நகரியத்தின் வட்டங்கள் நிலையத்தை மையமாக வைத்து அமையவில்லை. வேலை நேரத்தையும் பள்ளியையும் மருத்துவமனையையும் கருதித் திட்டமிட்டு அமைக்கப்பட்டன. நகரியத்துக் கடைத்தெரு நிலையத்தின் வாசலில் முளைத்தது அல்ல, வரைபடத்தில் ஒதுக்கப்பட்டது. நிலைய வாசலுக்குப் பதில் நமக்கு ஆர்ச் கேட்டும் பஸ் நிறுத்தமும்தான். சரக்கும் பெரும்பாலும் லாரியில் வருகிறது.

நமக்கு உண்மையான ரயில் வாசல் விருத்தாசலம் சந்திப்பு. விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நான்கு திசைக்கும் அங்கே பாதை பிரிகிறது. அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு 2025 மே 22 அன்று பிரதமர் திறந்து வைத்த 103 நிலையங்களில் விருத்தாசலமும் ஒன்று. நம் மாவட்டத்துச் சிதம்பரமும் ஒன்று. ஆகவே எழும்பூரில் நடப்பது நமக்குத் தொலைவான செய்தி அல்ல.

நாம் செய்ய வேண்டியவை

நிலையமோ பஸ் நிலையமோ திருத்தி அமைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தவுடன், திறப்பு விழா அன்று மாலை போடுவதோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. திட்ட வரைபடத்தைச் சங்கத்தின் மூலம் கேட்டு வாங்க வேண்டும். அதில் நான்கு இடங்களைத் தேட வேண்டும். ஒன்று, பயணி வெளியேறும் வாசல். இரண்டு, ஆட்டோவும் பஸ்ஸும் நிற்கும் இடம். மூன்று, மேல்நடைப்பாலம் எங்கே இறங்குகிறது என்பது. நான்கு, சுமை இறக்கும் வண்டிக்கு வழி இருக்கிறதா என்பது. இந்த நான்கும் தெரிந்தால் அடுத்த இருபது ஆண்டு வியாபாரம் எந்தத் தெருவில் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கோரிக்கை வைப்பதானால் வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே வைக்க வேண்டும். தூண் எழுந்தபின் வாசல் கேட்டால் கிடைக்காது. டோக்கியோ வணிகர்கள் பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. நிலையக் கடைகளை டெண்டர் விடும்போது சிறு வணிகரும் கட்டக்கூடிய அளவில் சில சிறிய கடைகளை ஒதுக்கும்படி எழுத்து மூலம் கேட்பது தனி ஆளால் ஆகாது, சங்கத்தால் ஆகும்.

புதிய வாசல் அருகே கடை பிடிக்க நினைப்பவர்கள் கொபயாஷியின் வழியைப் பின்பற்றலாம். முதல் நாளே பெரிய அட்வான்ஸ் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம். காலை வண்டிக்கும் மாலை வண்டிக்கும் ஒரு வாரம் போய் நின்று, எத்தனை பேர் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். அதற்குச் செலவு ஒரு டீ மட்டுமே. பழைய இடத்தில் இருப்பவர்களும் உடனே கலங்க வேண்டியதில்லை. பழகிய முகத்துக்காகவும் நம்பகமான எடைக்காகவும் பத்து அடி கூட நடந்து வரும் வாடிக்கையாளர் எல்லா ஊரிலும் உண்டு. அவரை நடக்க வைப்பது கட்டிடமல்ல, கடைக்காரரின் நாணயம்.